வைரத்தில் சென்ட் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு நகைக்கடையின் வைரப் பிரிவில் பதினேழு வருடம் நின்றேன். வீடு கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். காலையில் வேலந்தாவளம் தாண்டிப் போய், ராத்திரி அதே வழியில் திரும்புவேன். வேலையை விட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் கல்யாண சீசன் வந்தால் போன் ஓயாது. எங்கள் ஊரில் நகை எடுக்கக் கோவைக்குப் போகிற கூட்டம் ஒன்று, பாலக்காடு, திருச்சூர் என்று போகிற கூட்டம் ஒன்று. இரண்டும் கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். இதில் ரூபாயில் வரும் எண்கள் கணக்குப் புரிவதற்காக நானே போட்டவை. அதைக் காட்டிக் கடையில் பேரம் பேசிவிடாதீர்கள்.

தங்கத்தில் 22 கேரட் என்கிறார்கள், வைரத்திலும் கேரட் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா, அக்கா?

பெயர்தான் ஒன்று. தங்கத்தில் கேரட் என்பது தரம்: 24 பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. 22 பங்கு என்றால் 916. வைரத்தில் கேரட் என்பது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம். ஐந்து கேரட் சேர்ந்தால் ஒரு கிராம். எட்டு கிராம் பவுனை எடுத்துக்கொண்டால் அது 40 கேரட் எடை.

இந்தக் குழப்பத்தில் ஒரு தடவை, "பதினெட்டு கேரட் வைர மோதிரமா! நமக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். விலைச் சீட்டில் இருந்த 18 என்பது மோதிரத்துத் தங்கத்தின் தரம். கல்லைப் பிடிக்கும் கொக்கி வளையாமல் இருக்க, வைர நகைக்குப் பெரும்பாலும் 18 கேரட் தங்கம்தான் போடுவார்கள். அந்த மோதிரத்தில் இருந்த வைரம் வெறும் 12 சென்ட்.

சென்ட்டா? அது நிலத்துக்கு அல்லவா சொல்வது?

இங்கேயும் அதே நூறு கணக்குதான். 100 சென்ட் ஒரு ஏக்கர், 100 சென்ட் ஒரு கேரட். அரை கேரட் 50 சென்ட், கால் கேரட் 25 சென்ட். வெளிநாட்டில் 'பாயின்ட்' என்பதை நம் பக்கத்துக் கடைகளில் சென்ட் என்கிறோம். சான்றிதழில் 0.35 என்று இருந்தால் 35 சென்ட் என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிலமும் வைரமும் எதிரெதிர். தென்னந்தோப்பை ஏக்கர் கணக்கில் மொத்தமாகப் பேசினால் சென்ட் விலை இறங்கும். அதையே ஐந்து ஐந்து சென்ட் மனையாகப் பிரித்து விற்றால் சென்ட் விலை ஏறும். வைரத்தில் கல் பெரிதாகப் பெரிதாகச் சென்ட் விலையும் ஏறும், துண்டாக இருந்தால் இறங்கும். கீழே வரும் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு இதுதான் வேர்.

பாட்டி குன்றிமணி எடை என்று சொல்வாரே, அது கேரட்டில் எவ்வளவு?

ஒரு குன்றிமணி ஏறக்குறைய 120 மில்லிகிராம், அதாவது 60 சென்ட். மஞ்சாடி அதைப் போல இரண்டு மடங்கு. குருவாயூரில் குழந்தைகள் அள்ளி விளையாடுகிற அதே சிவப்பு விதைதான். மேற்கே மத்தியதரைக்கடல் பக்கம் கரோப் மரத்து விதையை வைத்து நிறுத்தார்கள். கேரட் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. விதைக்கு விதை எடை மாறும், ஊருக்கு ஊர் கேரட்டும் மாறியது. 1907-இல் எடை, அளவுகளுக்கான சர்வதேச மாநாட்டில் 200 மில்லிகிராம் என்று வரையறுத்தார்கள். பிறகு ஒவ்வொரு நாடாக அதற்கு வந்து சேர்ந்தது.

ஒரு கேரட் கல் பார்க்க எவ்வளவு பெரிதாக இருக்கும்?

நன்றாக வெட்டிய வட்டக் கல் என்றால் குறுக்களவு ஏறக்குறைய 6.5 மி.மீ. 50 சென்ட் 5.1 மி.மீ, நல்ல மிளகு ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தால் அந்த அளவு புரியும். 25 சென்ட் 4.1 மி.மீ. 10 சென்ட் 3 மி.மீ. ஒரு சென்ட், இரண்டு சென்ட் எல்லாம் கடுகுதான்.

எடை இரண்டு மடங்கானால் அகலமும் இரண்டு மடங்காகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கல் பக்கவாட்டில் மட்டும் வளர்வதில்லையே, அடியிலும் வளர்கிறது. இரண்டு கேரட் கல் 8.2 மி.மீ.தான் வரும். அதாவது எடை இரட்டிப்பாகும்போது கண்ணுக்குத் தெரியும் குறுக்களவு கால் பங்கும் ஒரு துளியும்தான் கூடுகிறது. பணம் மட்டும் அப்படிக் கொஞ்சமாகக் கூடாது.

50 சென்ட் கல் ஒன்று 75,000 ரூபாய் என்றால், ஒரு கேரட் ஒன்றரை லட்சம்தானே?

என்னிடம் வந்த கேள்விகளில் முதல் இடம் இதற்குத்தான். ஒன்றரை லட்சம் வராது, அதற்கு மேலே போகும்.

வைர வியாபாரத்தில் விலையைக் கேரட்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். அந்தக் 'கேரட் ரேட்' எல்லா அளவுக் கல்லுக்கும் ஒன்று அல்ல. கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: நிறம், சுத்தம், வெட்டு எல்லாம் ஒரே தரம். 25 சென்ட் கல்லுக்குக் கேரட் ரேட் 80,000. அப்படியென்றால் கல் 20,000. 50 சென்ட் கல்லுக்கு ரேட் ஒன்றரை லட்சம், கல் 75,000. ஒரு கேரட் கல்லுக்கு ரேட் மூன்று லட்சம். கல்லும் மூன்று லட்சம். இப்போது நாலு 25 சென்ட் கல்லை ஒரு தட்டில் வையுங்கள், மொத்தம் ஒரு கேரட், 80,000 ரூபாய். பக்கத்தில் ஒற்றைக் கல்லாக ஒரு கேரட், மூன்று லட்சம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏன் என்றால், மண்ணுக்குள்ளிருந்து சின்னக் கல் நிறைய வரும், பெரிய கல் அபூர்வமாக வரும். அதிலும் கரும்புள்ளி இல்லாமல், மஞ்சள் தட்டாமல் வருவது இன்னும் அபூர்வம். வெட்டும்போது கழிவதும் இருக்கிறது. பட்டை தீட்டாத கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போவது சகஜம். ஆந்திரத்துக் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்த 410 கேரட் கல் ஒன்றைச் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட் 1702 வாக்கில் வாங்கினார். லண்டனில் வெட்டி முடித்தபோது பெரிய கல்லாக மிஞ்சியது 140 கேரட்டும் கொஞ்சமும். 'ரீஜென்ட்' என்ற பெயரில் அது இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த விலை ஏற்றம் புதுசும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா பக்கம் வந்து வைரம் வாங்கிப் போன தாவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி பெயரிலேயே ஒரு விதி உண்டு: எடையின் வர்க்கத்தை அடிப்படை விலையால் பெருக்கு. எடை இரண்டு மடங்கு என்றால் விலை நாலு மடங்கு. இன்றைய சந்தை அந்த வாய்பாட்டில் அச்சாக நிற்காது, ஆனால் போகிற திசை அதுதான்.

98 சென்ட் கல்லுக்கும் ஒரு கேரட் கல்லுக்கும் இரண்டு சென்ட்தானே வித்தியாசம்? அதற்கு இத்தனை பணமா?

அந்த இரண்டு சென்ட்டில்தான் படி இருக்கிறது. நியூயார்க்கில் மார்ட்டின் ராப்பபோர்ட் என்பவர் 1978-இல் தொடங்கிய விலைப்பட்டியல் வாராவாரம் வெளியாகிறது. மும்பை வியாபாரிகள் அதை 'ராப்' என்பார்கள். ராப்புக்கு இத்தனை சதவீதம் கீழே என்று பேசித்தான் முடிப்பார்கள். அந்தப் பட்டியலில் எடை கட்டம் கட்டமாக இருக்கும்: 30 முதல் 39 வரை ஒரு கட்டம், 40 முதல் 49, 50 முதல் 69, 70 முதல் 89, 90 முதல் 99, அப்புறம் 1.00 முதல் 1.49 வரை என்று. கட்டம் மாறும்போது கேரட் ரேட்டும் ஒரு குதி குதிக்கும்.

அதனால் என்னைக் கேட்டால், மோதிரத்துக்கு ஒற்றைக் கல் வாங்குகிறவர்கள் 1.00 என்று பிடிவாதம் பிடிக்காமல் 92, 95 சென்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். 50-க்குப் பதில் 46, 47. குறுக்களவில் வித்தியாசம் மி.மீ.யில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு. விரலில் போட்டால் உங்கள் மாமியாருக்கே தெரியாது. ஆனால் 99 சென்ட் கல் கேட்டால் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. வெட்டுகிறவன் முட்டாளா? இன்னும் ஒரு சென்ட் மிச்சம் பிடித்து 1.00 ஆக்கத்தான் பார்ப்பான்.

இதில் ஒரு வேடிக்கை. ஜிஐஏ ஆய்வகம் கல்லை நிறுத்து, சான்றிதழில் இரண்டு தசமம்தான் அச்சடிக்கும். மூன்றாவது இலக்கம் 9 ஆக இருந்தால் மட்டுமே மேலே ஏற்றும். 0.999 என்றால் 1.00, 0.998 என்றால் 0.99தான். அந்த ஒரு இலக்கம் என்பது 0.2 மில்லிகிராம். கடையில் கல் நிறுக்கிற தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பது இதனால்தான். இடுக்கியால் கல்லைத் தட்டில் வைத்து, கதவை மூடி, எண் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கதவு திறந்திருக்கும்போது பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டால்கூடக் கடைசி இலக்கம் ஆடும்.

ஏழு கல் தோட்டில் மொத்தம் ஒரு கேரட் என்று சொன்னார்கள். அப்போது அது ஒரு கேரட் வைரத்தின் விலைக்குப் போகுமா, சித்தி?

போகாது கண்ணு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினாலு கல். ஒவ்வொன்றும் 7 சென்ட் என்றால் மொத்தம் 98 சென்ட். ஆனால் விலை 7 சென்ட் கல்லின் கேரட் ரேட்டில்தான் போடுவார்கள், போட வேண்டும். இந்த அளவுக் கற்களைத் தனித்தனியாக யாரும் பேரம் பேசுவதில்லை. ஓட்டை போட்ட சல்லடைத் தட்டில் சலித்து, அளவு வாரியாகப் பிரித்து, பொட்டலமாகத்தான் வரும்.

சீட்டில் மொத்த எடை மட்டும் இருந்தால், "கல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை சென்ட்?" என்று கேளுங்கள். 37 குருணைக் கல்லை ஒட்டி வைத்து, பார்வைக்கு ஒற்றைக் கல் மாதிரி தெரிகிற மோதிரங்கள் இருக்கின்றன. அழகில் குறைவு சொல்ல மாட்டேன். ஒரு கேரட் மோதிரம் போட்டோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிக்கொள்ள மட்டும் அது உதவாது.

கல்பாத்தி அக்ரஹாரத்துப் பாட்டிமார் காதிலும் மூக்கிலும் பார்க்கிற பழைய தோடு, பேசரி வேறு கதை. அதில் ஏழு கல்லும் நிறத்திலும் அளவிலும் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்ந்திருக்கும். அப்படிச் சேர்த்து எடுப்பதற்கு ஒரு விலை உண்டு, அது நியாயமானதும்கூட.

எடை அதிகமுள்ள கல் ஏன் சில சமயம் சின்னதாகத் தெரிகிறது?

வயிறு பெருத்திருக்கும். மேலே 6.5 மி.மீ. இருக்கிற கல்லுக்கு உயரம் ஏறக்குறைய 4 மி.மீ. இருந்தால் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். எடை போய்விடுமே என்று ஆழமாகவே விட்டு வெட்டினால் 1.00 என்று சான்றிதழ் வரும், மேலே 6.2 மி.மீ.தான் இருக்கும், நடுவில் இருட்டடிக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கின எடை தங்கத்துக்கு அடியில் ஒளிந்து கிடக்கும். சான்றிதழில் எடைக்குப் பக்கத்திலேயே மூன்று அளவுகள் மி.மீ.யில் இருக்கும், அதைப் படியுங்கள். நன்றாக வெட்டிய 93 சென்ட், மோசமாக வெட்டிய ஒரு கேரட்டைவிடப் பெரிதாகத் தெரியும், பளிச்சென்றும் இருக்கும், காசும் மிச்சம். பேரிக்காய் வடிவம், கண் வடிவம் போன்ற நீளக் கற்கள் அதே எடையில் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரியும், கேரட் ரேட்டும் பெரும்பாலும் குறைவு.

எங்கள் வீட்டுத் தோடு புளூ ஜாகர். அதற்கு எடையைப் பார்க்காமல் விலை கொடுப்பார்களா?

அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும், கேட்டிருக்கிறேன். தென் ஆப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துக் கற்களிலிருந்து வந்த பெயர். வெள்ளையில் லேசாக நீலம் ஓடும் கல்லை அந்தக் காலத்தில் அப்படித் தரம் பிரித்தார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டு, கல் தானே நீலமாக ஒளிர்வதுதான் அந்த நீலம். இன்றைய சான்றிதழில் அதே குணம் 'ஃப்ளோரசன்ஸ்' என்ற வரியில் வரும். உயர்ந்த வெள்ளைக் கல்லில் அது பலமாக இருந்தால் விலையைக் குறைக்கிறார்கள்! பாட்டி பெருமைப்பட்டது இன்று தள்ளுபடிக் கணக்கு.

எடை பார்க்காமல் யாரும் விலை சொல்ல மாட்டார்கள். பழைய தோட்டுக்குப் பின்பக்கம் மூடியிருக்கும், கல்லைக் கழற்றினால்தான் சரியான எடை தெரியும். உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள்.

பில்லில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை. மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். மோதிரம் மொத்தம் 4.320 கிராம், வைரம் 60 சென்ட் என்றால், 60 சென்ட் 0.120 கிராம். தங்கம் 4.200 கிராம். தங்க விலை, சேதாரம், செய்கூலி எல்லாம் இந்த 4.200-க்குத்தான். கேரளப் பக்கத்துக் கடையில் சேதாரம் என்று சொல்லாமல் பணிக்கூலி என்று ஒரே வரியில் போடுவார்கள். அதுவும் எந்த எடைக்கு என்று கேளுங்கள்.

இதில் அடிபட்டவள்தான் நான். இந்த வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், என் அக்கா வளையலுக்கு ஒரு கடையில் பணம் கட்டினோம். கல் இரண்டு கேரட். வைரத்துக்குத் தனியாக விலை போட்டுவிட்டு, தங்கத்துக்கும் மொத்த எடையையே போட்டிருந்தார்கள். 0.4 கிராம் வைரத்துக்குத் தங்க விலையும், அதன் மேல் சேதாரமும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். மூன்று வருடம் கழித்து நானே பில் போடக் கற்றுக்கொண்டபோதுதான் அது தெரிந்தது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஹால்மார்க், ஆறு எழுத்து எச்யூஐடி எண் எல்லாம் தங்கத்துக்கு மட்டும். வைரத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. வைரத்துக்கு ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகச் சான்றிதழ் தனியாக வேண்டும்.

கேரள எல்லை வாளையாருக்கு அந்தப் பக்கம் வரி குறைவா, இந்தப் பக்கமா?

இரண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி, நகைக்கு 3 சதவீதம். கேரளத்தில் வெள்ள செஸ் என்று ஒன்று 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை இருந்தது, அது போய்விட்டது. வரிக்காக பஸ் ஏற வேண்டாம்.

லேப் வைரத்திலும் இதே கேரட் கணக்கா?

எடை, அளவு, அடர்த்தி எல்லாம் அதேதான். அதுவும் வைரம்தான், கண்ணாடி அல்ல. 2023 ஜூனில் பிரதமர் மோடி அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் மனைவிக்குக் கொடுத்த 7.5 கேரட் கல் ஆய்வகத்தில் வளர்த்ததுதான். விலை மட்டும் வேறு உலகம். மண்ணில் பெரிய கல் அபூர்வம் என்பதால்தானே ரேட் ஏறுகிறது? இதில் பெரிய கல் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்ச நாள் வளர்த்தால் போதும். அதனால் படிக்குப் படி அவ்வளவு குதிக்காது. இந்தச் சில வருடங்களில் விலையும் சரிந்துகொண்டே போகிறது. போட்டு அழகு பார்க்க வாங்கலாம். மகளுக்குச் சேர்த்து வைக்கிற சொத்து என்று நினைத்து வாங்காதீர்கள். லேப் கல்லா என்று தெரிய, கல்லின் இடுப்பில், அதாவது நடு விளிம்பில், லேசரில் எல்ஜி என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அமெரிக்கன் டைமண்டை நிறுத்தே கண்டுபிடிக்கலாமா?

கழற்றின கல்லாக இருந்தால் முடியும். அது அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமாக இருக்கும். 6.5 மி.மீ. கல் தராசில் 1.7 கேரட் காட்டினால் அது வைரம் அல்ல. வைரம் மாதிரியே தெரிகிற மொய்சனைட் என்ற கல் இப்படி மாட்டாது. வைரத்தைவிட ஒரு துளிதான் லேசு. அதற்குக் கருவி வேண்டும்.

ஜோசியர் 30 சென்ட்டுக்குக் குறையக் கூடாது என்கிறார்.

அவரிடமே கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: 30 சென்ட் ஒற்றைக் கல்லா, மொத்தமா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள், பணம் இரண்டு மூன்று மடங்கு மாறும்.

அவசரத்துக்கு அடகு வைத்தால் வைரத்துக்கு எவ்வளவு தருவார்கள்?

நகைக்கடனில் வைரத்துக்குப் பூஜ்யம். கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கடன். கடையில் மாற்றினால், வாங்கின கடையே என்றால் அவர்கள் எழுதிக் கொடுத்த சதவீதப்படி எடுப்பார்கள். வேறு கடை என்றால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போங்கள். வாங்கும்போதே மாற்று விதியைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

எண்ணெய் இறங்கின தோடு எடை கூடுமா?

கல்லின் எடை கூடாது, ஒளிதான் மங்கும். வைரத்தில் எண்ணெய் சுலபமாக ஒட்டும்; சுரங்கத்திலேயே கிரீஸ் தடவின பலகையில் ஒட்டவைத்துத்தான் வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு, பின்பக்கத்தைப் பழைய மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வாஷ்பேசினில் கழுவாதீர்கள், கிண்ணத்தில் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்னால் பதினாலு கல்லையும் எண்ணுங்கள்.